பள்ளிவாசலைப் பெருக்கிய பெண்மணி

தூய்மையை ஈமானோடு இணைத்துப் பேசிய மார்க்கம் நம்முடையது. ஆயினும், அத்தூய்மையை நமக்குச் செய்து தருவோர் யாவர், சமூகத்தில் அவர்களுக்குரிய இடம் யாது என்ற வினாவை நாம் எழுப்புவது அரிது.

மதுரை மாநகரிலும் வாடிப்பட்டி, சோழவந்தான் போன்ற பேரூர்களிலும் விடியுமுன் தெருப் பெருக்குவோரில் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினரே மிகப் பலர். அவர்களுள்ளும் துடைப்பம் பெரும்பாலும் பெண்கள் கையில். மலக்குழியில் இறங்கி நச்சுவாயுவால் மடிபவர் ஆண்கள். அதன்பின் குடும்பச் சுமையைத் தாங்குபவர் அவர்தம் கைம்பெண்கள். நிரந்தரப் பணி சுருங்கி ஒப்பந்த முறை பரவியபின் கூலியும் நிலையற்றதாயிற்று. 2017இல் வெளிவந்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் தமிழகத்தின் இந்நிலையைக் கண்முன் நிறுத்தியது.

சட்டம் இல்லாமலில்லை. மனிதக் கழிவைக் கையால் அகற்றச் செய்வதை 1993ஆம் ஆண்டுச் சட்டமும், விரிவான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன. இப்பணியில் இறந்தோர் குடும்பத்திற்கு ரூ.10 லட்சம் வழங்க 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அதனை ரூ.30 லட்சமாக உயர்த்தியது. ஆயினும் மரணங்கள் நிற்கவில்லை. சட்டம் தொழிலைத் தடுக்கிறது. பிறப்பையும் தொழிலையும் பிணைக்கும் முடிச்சை அது அவிழ்க்கவில்லை.

பெயர் மாற்றமும் அதனை அவிழ்ப்பதில்லை. பேரரசர் அக்பர் துப்புரவுத் தொழிலாளரை ‘ஹலால்கோர்’, அதாவது ஆகுமானதை உண்போர், என அழைக்கச் செய்தார். பெயர் உயர்ந்தது; நிலை உயரவில்லை. வட இந்திய முஸ்லிம்களிடையே அப்பெயர் இன்றும் ஒரு சாதியின் பெயராகவே நிற்கிறது. தமிழகத்தில் ‘துப்புரவு’, ‘தூய்மை’ ஆகியுள்ள இக்காலத்தில் இது நினைவிற்கொள்ளத்தக்கது.

நம் ஃபிக்ஹு நூல்களும் இவ்விடத்தில் ஆய்வுக்குரியன. திருமணத்தில் ‘கஃபாஅத்’ எனும் பொருத்தத்தை விளக்கும் ஹனஃபி நூல்கள் நெசவாளர், இரத்தம் குத்தி எடுப்பவர், பெருக்குபவர் முதலியோரை வணிகருக்கு நிகராகக் கொள்வதில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ மார்க்கப் பற்றையே பொருத்தமாகக் கொண்டார்கள். தொழில் பற்றிய விதி ‘உர்ஃப்’ எனும் ஊர் வழக்கத்தைச் சார்ந்தது என்பது ஹனஃபி அறிஞர்களே கூறும் விளக்கம். வழக்கத்தைச் சார்ந்த விதி, வழக்கம் மாறும்போது மாறவேண்டும். இரத்தம் குத்தி எடுக்கும் தொழிலாளரான அபூஹிந்த் (ரலி) அவர்களுடன் மணவுறவு கொள்ளுமாறு பனூ பயாளா கூட்டத்தாரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதாக அபூதாவூதில் காண்கிறோம்.

இதனினும் தெளிவான சான்று மஸ்ஜிதுந் நபவீயைப் பெருக்கிவந்த கறுப்பினப் பெண்மணியின் வரலாறு. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான அந்நிகழ்ச்சியின் அறிவிப்பில் ஆணா பெண்ணா என்ற ஐயம் உண்டு. பைஹகீயின் அறிவிப்பு உம்மு மிஹ்ஜன் எனப் பெயரே சுட்டுகிறது. அவர் இறந்தபோது, இது சிறு செய்தி எனக் கருதிய தோழர்கள் நபியவர்களிடம் தெரிவிக்கவில்லை. பின்னர் நபியவர்கள் தாமே விசாரித்தறிந்து, கப்றைக் காட்டச் செய்து, அங்கு ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். ஏழை, பெண், கறுப்பினத்தவர், பெருக்குபவர் ஆகிய நான்கினாலும் பிறர் கண்ணுக்குப் படாத ஒருவரை, இல்லாதபோது தேடிய பார்வை அது.

நம் ஜமாஅத்துகள் இதனின்றும் பெறும் படிப்பினை யாது? பள்ளிவாசலின் கழிப்பறையைக் கழுவுபவர் எம்மதத்தவராயினும் அவர்தம் கூலி காலத்தில், குறைவின்றிச் சேரவேண்டும். கையுறையும் கருவியும் தரப்பட வேண்டும். மலக்குழியில் மனிதரை இறக்கலாகாது. பெருநாளில் தரும் அன்பளிப்பு கூலிக்கு ஈடாகாது. ஸதகா நம் விருப்பம். கூலியோ அவர்தம் ஹக்கு.