இரட்டைச் சுருள், இருமடங்கு வெப்பம்

மின்சிகரெட் புகைப்போரிடம், "நாளொன்றுக்கு எத்தனை முறை இழுக்கிறீர்கள்?" என்பதோடு, "கருவியில் எத்தனை சுருள்கள் உள்ளன?" என்றும் நாங்கள் கேட்கிறோம். அதற்குக் காரணம் உண்டு.

கருவியிலுள்ள திரவத்தைச் சூடாக்குவது மெல்லிய கம்பிச்சுருள். 1 ஓம் மின்தடையுள்ள சுருளை, முழு மின்னேற்றம் பெற்ற 4.2 வோல்ட் மின்கலத்துடன் நேரடியாக இணைத்தால் 4.2 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். அதே போன்ற மற்றொரு சுருளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்த மின்தடை அதிகரிப்பதில்லை, 0.5 ஓமாகக் குறைகிறது. மின்னோட்டம் 8.4 ஆம்பியராகிறது. வெப்பத் திறனும் ஏறத்தாழ 18 வாட்டிலிருந்து 35 வாட்டாக உயர்கிறது.

ஆகவே, ஒரே இழுப்பில் கூடுதல் ஆவியும் நிக்கோட்டினும் நுரையீரலை அடையக்கூடும். திரவம் வற்றிச் சுருள் மிகையாகச் சூடேறினால் பார்மால்டிஹைடு, அக்ரோலின் ஆகிய நச்சுகள் பெருகும். தாங்கும் அளவை மின்னோட்டம் மீறினால் மின்கலம் வெடித்துத் தீக்காயம் நேரலாம்.

இந்தியாவில் 2019 முதல் மின்சிகரெட் விற்பனை தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் எங்கள் கேள்வி சிகிச்சைக்காகவே, குற்றம் காண்பதற்கன்று. குடும்பத்தினரும் கடிந்துகொள்ளாது துணைநிற்க வேண்டுகிறோம். பழக்கத்தைக் கைவிட விரும்புவோர் 1800-11-2356 என்னும் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.