அட்டப்பாடி ஊர் முதல் மூணாறு லயம் வரை: தாய்க்கும் சேய்க்கும் அரசு தரும் சத்துணவு

சட்டம் சொல்லும் அளவு

கருவுற்ற பெண்ணுக்கும், பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை பாலூட்டும் தாய்க்கும், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கும் கட்டணமில்லாமல் சத்துணவு தருவது அரசின் கடமை என்று 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்தது. இந்த உணவு வீட்டுச் சாப்பாட்டுக்கு மாற்று அல்ல. அதற்கு மேல் கூடுதலாகச் சேர வேண்டியது. தாய்க்கு நாளொன்றுக்கு 600 கிலோ கலோரி ஆற்றலும் 18 முதல் 20 கிராம் புரதமும், குழந்தைக்கு 500 கிலோ கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்று சட்டத்தின் அட்டவணை அளவு குறித்தது. சத்துக்குறைவால் மெலிந்த குழந்தைக்கு இது 800 கிலோ கலோரியாகவும் 20 முதல் 25 கிராம் புரதமாகவும் உயரும்.

இந்த உணவு மக்களிடம் வந்து சேரும் இடம் அங்கன்வாடி. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியது. கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்து வேங்கரை வட்டாரம் அதன் முதல் களம். இன்று அந்த மாநிலத்தில் 33,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. உணவோடு தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, சத்துணவு பற்றிய அறிவுரை ஆகியவையும் அங்கன்வாடியின் பொறுப்பில் வருகின்றன.

ஏழ்மையை நிரூபிக்க ரேஷன் அட்டை காட்டினால்தான் அங்கன்வாடியில் உணவு கிடைக்கும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அது தவறு. வருமானம் எதுவானாலும், அட்டையின் நிறம் எதுவானாலும், அந்தப் பகுதியில் வாழும் தாய்மாரும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் பதிவு செய்துகொள்ளலாம். அங்கன்வாடி இல்லாத குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அங்கே ஒன்றைத் திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. மலைப்பகுதியின் சிக்கல் இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. காட்டுக்குள் இருக்கும் பல ஊர்களில் மொத்தமே சில பத்து வீடுகள்தாம். அங்கே 40 குழந்தைகளுக்கு எங்கே போவது?

அட்டப்பாடியில் நடந்தது

பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், கோயம்புத்தூரின் ஆனைகட்டியை ஒட்டி இருப்பது அட்டப்பாடி. அகளி, புதூர், ஷோலயூர் என்று மூன்று ஊராட்சிகள். இருளர், முதுகர், குறும்பர் வாழும் ஊர்கள் ஏறத்தாழ 190. இங்கே 2012, 2013 ஆண்டுகளில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோதுதான் கேரளத்தின் சுகாதாரப் பெருமைக்குள் இருந்த ஓட்டை வெளியே தெரிந்தது. எழுத்தறிவிலும் குழந்தை நலத்திலும் நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்ட மாநிலத்தில் நடந்தது இது.

இறந்த குழந்தைகளில் பலர் மாதம் நிறையாமல் பிறந்தவர்கள், அல்லது 2.5 கிலோவுக்கும் குறைவான எடையோடு பிறந்தவர்கள். தாய்மார் பலருக்குக் கடுமையான இரத்தச்சோகை. குழந்தைக்குத் தரும் உணவைக் கூட்டினால் மட்டும் தீராத கோளாறு இது. கருப்பையிலேயே பட்டினி கிடந்த குழந்தையைப் பிறந்தபின் தேற்றுவது மிகவும் கடினம். கருவுற்ற நாள் முதல் குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள் வரையான ஆயிரம் நாட்களை மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். அந்த ஆயிரத்தில் முதல் 270 நாட்களின் உணவு தாயின் வாய் வழியாகத்தான் குழந்தைக்குப் போகிறது.

அந்தத் தாயின் தட்டு ஏன் காலியானது என்பதற்கு நிலத்தின் கதையைப் பார்க்க வேண்டும். 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடி மக்களில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2011இல் அவர்கள் பாதிக்கும் குறைவு. நிலம் கைமாறக் கைமாற, ராகி, சாமை, தினை, சோளம், துவரை, அவரை எல்லாம் ஒரே காட்டில் விளைந்த கலப்புச் சாகுபடி சுருங்கியது. அதன் இடத்துக்கு ரேஷன் அரிசி வந்தது. அரிசி வயிற்றை நிரப்பும். ராகியின் சுண்ணாம்புச் சத்தையும் பருப்பின் புரதத்தையும் கீரையின் இரும்பையும் அது தராது.

அடுக்களையும் சிறுதானியமும்

2013க்குப் பின் எடுத்த நடவடிக்கைகளில் மக்களுக்கு மிக அருகே வந்தது ஊர்தோறும் அமைந்த சமூக அடுக்களை. கேரளத்தின் மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீயின் அட்டப்பாடித் திட்டத்தின்கீழ் அந்தந்த ஊர்ப் பெண்களே சமைத்தார்கள். கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார், சிறு குழந்தைகள், வளரிளம் பெண்கள், முதியோர் ஆகியோர் அங்கேயே சாப்பிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் பொருள் வீட்டார் எல்லோருக்குமாகப் பங்காகிவிடும். அடுக்களையில் உட்கார்ந்து உண்ணும் சோறு அந்தத் தாயின் வயிற்றுக்கே போகும். இந்த ஒரு வேறுபாடே அடுக்களையைக் கைவிடாமல் நடத்தப் போதுமான காரணம்.

2017இல் வேளாண்மைத் துறையும் பழங்குடியினர் வளர்ச்சித் துறையும் சேர்ந்து சிறுதானியக் கிராமத் திட்டத்தை அட்டப்பாடியில் தொடங்கின. விட்டுப்போன ராகியும் சாமையும் தினையும் மறுபடி விதைக்கப்பட்டன. வெளியிலிருந்து வரும் பொட்டலத்தைவிட, பாட்டி சமைத்துப் பழகிய ராகிக் களி குழந்தையின் வாய்க்கு எளிதாகப் பிடிக்கும்; சத்திலும் அது குறைந்ததல்ல.

மெலிந்த குழந்தைகளைத் தங்கவைத்துத் தேற்றும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களும், கோட்டத்தறையில் பழங்குடியினருக்கான அரசு சிறப்பு மருத்துவமனையும் இங்கே உள்ளன.

அமிர்தம் பொடி

ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்குக் கேரள அங்கன்வாடிகள் தருவது அமிர்தம் நியூட்ரிமிக்ஸ். மக்கள் வாயில் அது அமிர்தம் பொடி. கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை சேர்த்து அரைத்த மாவு. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 2006 முதல் குடும்பஸ்ரீ பெண்கள் இதைத் தயாரித்து வருகிறார்கள். ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 135 கிராம் என்பது கணக்கு.

நீர்க்கக் கரைத்த கஞ்சியில் வயிறு நிறையும், சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று ஒழுகாத அளவு கெட்டியாகக் காய்ச்சி, ஒரு சிறு கரண்டி தேங்காயெண்ணெயோ நெய்யோ சேர்த்தால் குழந்தையின் சிறிய வயிற்றுக்குள் கூடுதல் ஆற்றல் போகும். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதன்பின் எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளையும், ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளையும் கொடுக்கலாம். தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம். முட்டை, மசித்த பருப்பு, கீரை, மீன் ஆகியவற்றைப் பொடியோடு சேர்த்துப் பழக்குவது நல்லது. பொடி மட்டுமே உணவாகிவிடக் கூடாது.

வீட்டில் நாலு பேர் பசித்திருக்கும்போது குழந்தையின் பொட்டலத்தை அவிழ்த்து எல்லோருக்கும் கூழ் காய்ச்சுவது நடக்கத்தான் செய்கிறது. அதற்காகத் தாயைக் கண்டிப்பதில் பயனில்லை. அந்த வீட்டுக்கு வேறு என்ன உதவி வந்து சேரவில்லை என்று கேட்பதே சரியான மருத்துவம்.

மூன்று வயதுக்கு மேல் குழந்தை அங்கன்வாடியிலேயே சாப்பிடுகிறது. 2022 ஆகஸ்டு முதல் போஷக பால்யம் திட்டத்தின்கீழ் பாலும் முட்டையும் சேர்ந்தன. உப்புமா வேண்டாம், பிரியாணி வேண்டும் என்று ஒரு சிறுவன் கேட்ட காணொளி மாநிலமெங்கும் பரவியபின், 2025இல் உணவுப் பட்டியலே மாறியது. முட்டை பிரியாணியும் புலாவும் அதில் இடம்பிடித்தன. குழந்தை விரும்பி உண்ணாத சத்து தட்டிலேயே தங்கிவிடும் என்பதால் இது சின்னச் செய்தி அல்ல.

மாத்திரையும் தேநீரும்

கருவுற்ற பெண்ணின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்து. நான்காம் மாதத்திலிருந்து நாளுக்கு ஒன்றாகக் குறைந்தது 180 இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளும், பிரசவத்துக்குப் பின் மேலும் 180 மாத்திரைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. கால்சியம் மாத்திரையும் உண்டு. இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. இடையே இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாப்பாட்டோடும் மாத்திரையோடும் தேநீர் குடித்தால் அதிலுள்ள டானின் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும். குளிருக்கு இதமான கட்டன் சாயாவை விடச் சொல்ல வேண்டியதில்லை. உணவுக்கும் அதற்கும் ஒரு மணி நேர இடைவெளி விட்டால் போதும். மாத்திரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடலில் ஏறும். ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு தொற்றி இரத்தத்தை உறிஞ்சும். செருப்பும் கழிப்பறையும், மருத்துவர் சொல்லும் காலத்தில் எடுக்கும் குடற்புழு மாத்திரையும் இதற்குக் காப்பு.

அட்டப்பாடி இருளர் போன்ற பழங்குடிகளிடையே அரிவாள் செல் இரத்தச்சோகையும் உள்ளது. இது பரம்பரை நோய்; இரும்புக் குறைவால் வருவது அல்ல. இந்நோய் உள்ளவர் இரும்பு மாத்திரையைச் சோதனைக்குப் பிறகு, மருத்துவர் சொன்னால் மட்டுமே எடுக்க வேண்டும். ஃபோலிக் அமிலம் அவருக்கு அவசியம். ஆகவே முதல் பரிசோதனையிலேயே இதற்கான சோதனையையும் செய்துகொள்வது நல்லது.

லயத்துத் தாயின் நேரக்கணக்கு

இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தேயிலை, ஏலத் தோட்டங்களை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். காலையில் கொழுந்து பறிக்கப் போகும் தாய் மாலையில்தான் தோட்டத்து வரிசைவீடான லயத்துக்குத் திரும்புவாள். அங்கன்வாடியோ காலை ஒன்பதரைக்குத் திறந்து மதியம் மூன்றரைக்கு மூடிவிடும். இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே, 50 பெண் தொழிலாளர் அல்லது அவர்களின் ஆறு வயதுக்குட்பட்ட 20 குழந்தைகள் உள்ள தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது.

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வார ஊதிய விடுப்பு உண்டு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதற்கு இது சரியாகப் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 18 வாரம், அதாவது நாலு மாதம். பெயர்ப் பதிவில்லாத தற்காலிகத் தொழிலாளிக்கு இந்த விடுப்பும் எட்டாக்கனி. வேலைக்குத் திரும்பிய தாய் பாலைப் பிழிந்து சுத்தமான மூடிய பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போகலாம். சாதாரண வெப்பத்தில் நாலு மணி நேரம் வரை கெடாது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளை பெறவும் உரிமை உண்டு.

எடையும் கைச்சுற்றளவும்

மெலிவைக் கண்ணால் மட்டும் கணித்துவிட முடியாது. மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பார்த்து, அதைத் தாய் சேய் அட்டையின் வளர்ச்சிக் கோட்டில் குறிக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை மேல்கையின் நடுச்சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் எச்சரிக்கை, 11.5க்குக் குறைந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு. இரண்டு பாதங்களும் வீங்கினாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், சோர்ந்து கிடந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எடை அதே இடத்தில் இரண்டு மாதம் நின்றால், குறையும்வரை காத்திருக்காமல் அங்கன்வாடி டீச்சரிடமும் ஆஷா பணியாளரிடமும் சொல்லிவிடுவது நல்லது.

கையில் வரும் பணம்

பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு ₹5,000 தருகிறது. இரண்டாவது குழந்தை பெண்ணானால் ₹6,000. தாயின் பெயரில் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, பட்டியல் சாதி, பழங்குடித் தாய்மார் மருத்துவமனையில் பிரசவித்தால், ஜனனி சுரக்ஷா திட்டத்தில் கேரளக் கிராமப்புறத்துக்கு ₹700 கிடைக்கும். பழங்குடித் தாய்மாருக்குக் கேரள அரசின் ஜனனி ஜன்ம ரக்ஷா திட்டம் மாதம் ₹2,000 அளிக்கிறது. கருவுற்ற மூன்றாம் மாதம் தொடங்கிக் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை, மொத்தம் 18 மாதங்களுக்கு. இந்த மூன்றிலும் தாய்க்கு மாதாமாதம் சோறாகக்கூடியது கடைசித் திட்டம்தான். அதனால்தான் தொகை தாமதமாகி ஒரே தவணையில் வந்து சேர்ந்தால் அதன் நோக்கமே கெட்டுவிடுகிறது.

எல்லை தாண்டும் பிரசவம்

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது தமிழ் வழக்கம். மூணாறிலிருந்து தேனி, போடி, திருநெல்வேலிப் பக்கமும், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதியிலிருந்து கோவை, பொள்ளாச்சிப் பக்கமும் நிறைமாதப் பெண்கள் எல்லை கடக்கிறார்கள். பறம்பிக்குளமோ பாலக்காட்டின் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. ஆனால் அங்கே போகும் சாலை தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகச் செல்கிறது. வரைபடத்தில் எல்லை ஒரு கோடுதான். சத்துணவுப் பதிவேட்டில் அது பெரிய பள்ளம். இங்கே பெயர் நீங்கி அங்கே பெயர் ஏறாத மாதங்களில் பொடியும் மாத்திரையும் எடைக் கணக்கும் நின்றுபோகின்றன.

புறப்படுவதற்கு முன் அங்கன்வாடி டீச்சரிடம் சொன்னால், போஷண் டிராக்கர் செயலியில் பதிவைப் புதிய இடத்துக்கு மாற்றலாம். தாய் சேய் அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், மிச்சமிருக்கும் மாத்திரைகள் ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிரசவிக்கப் போகிறவர் அங்குள்ள கிராமச் செவிலியரிடம் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணைப் பெற வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் தேவைப்படும். தமிழ்நாட்டின் ₹18,000 மகப்பேறு உதவியான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம் அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கானது. கேரள முகவரி உள்ளவர் அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்து, கேரளத்தில் தமக்குரிய விண்ணப்பத்தைக் காலம் கடத்திவிடக் கூடாது.

குழந்தையோடு திரும்பி வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பிரசவம் பார்த்த மருத்துவமனையின் வெளியேற்றச் சீட்டையும் தடுப்பூசி அட்டையையும் பழைய அங்கன்வாடியிலும் துணைச் சுகாதார நிலையத்திலும் காட்டிப் பெயரை மறுபடி ஏற்ற வேண்டும். மலையாளப் படிவம் படிக்கத் தெரியாதவர், டீச்சரைத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்துப் போடலாம்.