123 கஜத்தில் 15 அடி! சூரர்களையே கவிழ்த்த குட்டிக் குழி
கோல்ப் ஆட்டத்தில் 'பார்' என்றால் என்ன?

திருச்சி, கே.கே. நகர்–

கே.கே. நகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் பேப்பரை விரித்தால் முதலில் அரசியல், அப்புறம் கிரிக்கெட். கோல்ப் செய்தி வந்தால் மட்டும் கண் தாவி ஓடிவிடும். காரணம் ஒரே ஒரு வார்த்தை... 'பார்'!

"பாருக்குக் கீழே 15-ன்னு போட்டிருக்கானே, என்ன தம்பி இது? சாராய சமாசாரமா?" என்று பெரியவர் கேட்பார். "அது வேற பார், பெரியப்பா" என்று பையன் சிரிப்பான். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த வேறு 'பார்'தான் என்ன?

கணக்கு இதுதான்

பந்தைக் கோலால் அடித்து, தூரத்தில் உள்ள நாலேகால் அங்குல அகலக் குழியில் போட வேண்டும். கை தேர்ந்த ஆட்டக்காரர் அதை எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதுதான் 'பார்'.

குழியைச் சுற்றி வழவழவென்று வெட்டிய புல்தரை இருக்கும். அதில் உருட்டிப் போட எப்போதும் 2 அடி. புல்தரைக்குப் போய்ச் சேர ஒரே அடி போதும் என்றால் அது பார் 3. இரண்டு என்றால் பார் 4. மூன்று என்றால் பார் 5. ஆண்களுக்குச் சுமார் 260 கஜம் வரை பார் 3. மொத்தம் 18 குழி. பெரும்பாலும் கூட்டுத்தொகை 72.

கிரிக்கெட்டுக்கு நேர் எதிர்! இங்கே குறைத்து அடித்தவனே கெட்டிக்காரன். பாருக்கு ஒன்று குறைந்தால் 'பேர்டி'. இரண்டு குறைந்தால் 'ஈகிள்'. ஒன்று கூடினால் 'போகி'. நம்ம ஊர் போகி மாதிரி பழசைக் கொளுத்திவிட முடியாது. கணக்கில் ஏறிவிடும்!

'தபால் தலை'

குட்டையான குழி என்றால் சுலபம்தானே? அங்கேதான் ஆபத்து!

ஸ்காட்லாந்தில் ராயல் ட்ரூன் மைதானம். அதன் 8-வது குழிக்குப் பெயர் 'தபால் தலை'. புல்தரை அவ்வளவு சிறிசு. தூரம் 123 கஜம். 100 மீட்டர் ஓட்டத்தை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பார் 3. ஆனால் சுற்றிலும் 5 மணல் பள்ளங்கள். போதாக்குறைக்குக் கடல் காற்று!

1950-ல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் ஜெர்மனி ஆட்டக்காரர் ஹெர்மன் டிசீஸ் அங்கே மாட்டினார். ஒரு மணல் பள்ளத்திலிருந்து அடித்தால் எதிர்ப் பள்ளத்தில் போய் விழுந்தது பந்து. முடிப்பதற்குள் 15 அடி!

1997-ல் டைகர் உட்ஸ். அதே ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியை 12 அடி வித்தியாசத்தில் ஜெயித்த சூரர். கடைசி நாளில் அவருக்கும் அங்கே 6 அடி!

71 வயது கிழவர்

ஆனால் 1973-ல் நடந்தது வேறு கதை. அமெரிக்காவின் ஜீன் சரசன், வயது 71. ஓங்கினார், அடித்தார்... பந்து நேரே குழிக்குள்! மறுநாள் பந்து மணலில் விழுந்தது. அங்கிருந்தே அடித்து 2-வது அடியில் குழிக்குள் போட்டார். இரண்டு நாளும் அந்தக் குழியில் உருட்டும் கோலை அவர் தொடவே இல்லை!

ரகசியம் என்ன? நீளமான குழியில் முதல் அடி தப்பினாலும் அடுத்த அடியில் சரிக்கட்டலாம். குட்டைக் குழியில் புல்தரைக்குப் போக ஒரே அடிதான் கணக்கு. அது தப்பினால் பார் தப்பும். பலம் வேலைக்கு ஆகாது. அளவு தெரிய வேண்டும்.

பறிபோன பதக்கம்

ஓர் அடிக்கு என்ன விலை? பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கைக் கேட்டால் தெரியும். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4 நாள், 72 குழி. பார் கணக்கு 284. அவர் முடித்தது 269-ல். பெரியவர் கேட்ட 'பாருக்குக் கீழே 15' இதுதான்! வெள்ளியும் வெண்கலமும் 268 எடுத்தவர்களுக்குப் போயின. ஒரே ஓர் அடியில் பதக்கம் போச்சு, நாலாவது இடம்!

ஊட்டி, கொடைக்கானல், கோவை மைதானங்களிலும் இதே கணக்குதான்.

"அப்போ சின்னக் குழின்னு இளக்காரம் கூடாதுங்கிறே?"

"ஆமா பெரியப்பா. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது!"