ஒரே லேப்டாப்... வீட்டில் ஆளுக்கொரு ருசி!

செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் இடையில், தேசூர் அருகே இருக்கிறது சீயமங்கலம். 7-ம் நூற்றாண்டில் இங்கே பாறையைக் குடைந்து கோயில் எழுப்பிய மகேந்திரவர்மப் பல்லவன், கல்வெட்டில் தன்னை ‘லளிதாங்குரன்’ என்று குறிப்பிட்டான். கோயிலுக்கும் தன் பட்டப்பெயர்களில் ஒன்றையே வைத்து, ‘அவனிபாஜன பல்லவேஸ்வரம்’ என்றான்.

தனக்குப் பிடித்தபடி ஓர் இடத்தை மாற்றிக்கொண்டு, அதில் தன் பெயரையும் பதிக்கும் ஆசை ராஜாவுக்கு மட்டுமா? பரணில் தூங்கும் பழைய லேப்டாப்பில் நீங்களும் அதைச் செய்யலாம். கைகொடுப்பது, லினக்ஸ்!

பரணில் ஒரு பொக்கிஷம்

தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் தரத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் ‘எது வேண்டும்?’ என்று கேட்கும். பழகிய விண்டோஸையே பலரும் தேர்ந்தெடுத்தார்கள்.

இப்போது நிலைமை வேறு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுவிட்டன. பழைய லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. புதிது வாங்கக் கையில் காசில்லாத வீட்டில், லினக்ஸ்தான் அந்தப் பெட்டிக்கு மறுவாழ்வு.

சாம்பார் ஒன்று, உப்பு வேறு

லினக்ஸில் திரையின் தோற்றத்தையே நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ‘க்னோம்’, ‘கேடிஇ’ பளபளப்பானவை. ரேம் அதிகம் கேட்கும். ‘எக்ஸ்எஃப்சிஇ’, ‘எல்எக்ஸ்க்யூடி’ எளிமையானவை. பழைய லேப்டாப்புக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் பொருத்தம்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி லாகின் வைத்துவிடுங்கள். அப்பாவுக்குப் பெரிய எழுத்து, அக்காவுக்குக் கறுப்புத் திரை, தம்பிக்குக் கலர் வால்பேப்பர். ஒருவர் செய்த மாற்றம் மற்றவர் திரையைத் தொடாது. ‘என் செட்டிங்கை யார் மாத்தினது?’ என்ற சண்டையும் வராது. அட்மின் அனுமதி மட்டும் ஒருவரிடம் இருக்கட்டும்.

தமிழ் டைப்பிங்கிலும் இதே சுதந்திரம். ஆங்கில ஒலிப்பில் அடிப்பது ஒரு வழி. 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட ‘தமிழ்99’ இன்னொரு வழி. இதில் இடது கைக்கு உயிரெழுத்து, வலது கைக்குப் பெரும்பாலான மெய்யெழுத்துகள். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கே தட்டல்கள்; புள்ளி தானாக விழும்!

எடிட்டர் பட்டிமன்றம்

கோடிங் படிப்பவர்கள் வீட்டில் இன்னொரு விவாதமும் நடக்கும். எந்த டெக்ஸ்ட் எடிட்டர் நல்லது? ‘விம்’மா, ‘ஈமேக்ஸா’?

விம்மில் அம்புக்குறி கீகளுக்குப் பதிலாக ஹெச், ஜே, கே, எல் எழுத்துகளையே பயன்படுத்துவார்கள். காரணம் சுவாரஸ்யமானது. விம்மின் முன்னோடியான ‘விஐ’யை 1976-ல் எழுதிய பில் ஜாய் பயன்படுத்திய டெர்மினலில், அந்த நான்கு எழுத்துகளின் மேல்தான் அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. கீபோர்டு மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. விம்மை 1991-ல் வெளியிட்ட பிராம் மூலெனார், ‘பிடித்திருந்தால் உகாண்டா குழந்தைகளுக்கு உதவுங்கள்’ என்று பயனர்களைக் கேட்டுக்கொண்டார். 2023-ல் அவர் மறைந்தார்.

ஈமேக்ஸ் ரசிகர்களுக்கோ, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன்தான் நாயகன். எடிட்டர் இயங்கும்போதே அதன் குணத்தை மாற்றி எழுதிக்கொள்ள முடிவது இதன் பலம்.

புதிதாகக் கற்பவர்களுக்கு இரண்டும் அவசரமில்லை. ‘நானோ’ போதும். முக்கியமான கட்டளைகள் திரையின் அடியிலேயே எழுதியிருக்கும்.

பென் டிரைவில் உங்கள் வீடு

இந்த விருப்பங்களில் பெரும்பாலானவை, புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்ட சின்னச் சின்ன ஃபைல்களிலும் ஃபோல்டர்களிலும் பதிவாகும். வழக்கமாக இவை கண்ணில் படாது. ஃபைல் மேனேஜரில் கண்ட்ரோலுடன் ‘ஹெச்’ அழுத்தினால் தெரியும். அவற்றை பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டால், லேப்டாப் பழுதானாலும் கவலையில்லை. வேறு லினக்ஸ் கம்ப்யூட்டரில் போட்டால், பழகிய செட்டிங்குகள் பெரும்பாலும் அப்படியே திரும்பி வரும்.

தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். உடனே இன்ஸ்டால் செய்யாமல், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம், கேமரா வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.

துணைக்கு ஆள் வேண்டுமா? செஞ்சி இருக்கும் அதே மாவட்டத்தில், ‘விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு’ கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்றுத்தருகிறது. சென்னையிலும் லினக்ஸ் பயனர் குழு உண்டு.

இன்ஸ்டால் செய்யும்போது, ‘உங்கள் பெயர் என்ன?’ என்று லினக்ஸ் கேட்கும். பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம். லாகின் பெயரை மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் கொடுங்கள். கம்ப்யூட்டருக்கும் ஒரு பெயர் கேட்கும். அதற்கு ‘சீயமங்கலம்’ என்று ஆங்கில எழுத்துகளில் வைத்தாலும் யாரும் தடுக்கப்போவதில்லை!