திரை பெரிதானால் கண்ணுக்கு லாபம், கைக்கு?

அம்மாவுக்கோ மாமனாருக்கோ புது போன் வாங்க வேண்டும் என்றால் நம் வீடுகளில் ஒரே யோசனைதான். "கண்ணு சரியாத் தெரியல, பெரிய ஸ்கிரீனா பாத்து எடுத்துடு." கடைக்காரரும் மறுப்பதில்லை. அவர் ஷோகேஸில் இருப்பதெல்லாம் பெரிய ஸ்கிரீன்தான். ஆறேழு மாதம் கழித்து அம்மா கட்டைவிரலின் அடியில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார். கிரைண்டர் கல்லைத் தூக்கியதால் வந்த வலி, துணி பிழிந்ததால் வந்த வலி என்று அவரே ஒரு காரணமும் சொல்வார். அதுவும் இருக்கலாம். ஆனால் தினமும் இரவு கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான ஒரு பொருளை ஒரு மணி நேரம் ஒற்றைக் கையில் தாங்கியதை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெரிய திரை உடம்புக்கு நல்லதா, கெட்டதா? கண்ணைக் கேட்டால் ஒரு பதில் வரும், கையைக் கேட்டால் வேறு பதில் வரும். போன் கம்பெனிகள் கண்ணை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்துவிட்டன என்பது என் எண்ணம்.

குறுக்களவில் ஒரு சூட்சுமம்

2007இல் வந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம், மொத்த எடை 135 கிராம். 2011இல் சாம்சங் 5.3 அங்குலத் திரையோடு கேலக்ஸி நோட் வெளியிட்டபோது அதைக் காதில் வைத்துப் பேசுகிறவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. கைக்குள் அடங்காத போனை யாரும் வாங்கப்போவதில்லை என்று 2010இல் ஸ்டீவ் ஜாப்ஸ் சொல்லியிருந்தார். அவருடைய நிறுவனமே 2014இல் 5.5 அங்குலத்துக்கு வந்தது. 2024இல் வந்த ஐபோன் 16 புரோ மேக்ஸ் 6.9 அங்குலம், 227 கிராம். பேக் கவரும் டெம்பர்ட் கிளாஸும் போட்டால் எடை இன்னும் ஏறும். நடுவில் 2020லும் 2021லும் 5.4 அங்குலத்தில் 'மினி' என்று இரண்டு மாடல் வந்தன. அதன்பின் அந்த வரிசையே நின்றுபோனது.

கடையில் சொல்லும் அங்குலம் திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்த குறுக்களவு. பழைய 5.5 அங்குலப் போனின் திரை அகலம் சுமார் 6.9 சென்டிமீட்டர், உயரம் 12.2. இன்று பரவலாக விற்கும், 20க்கு 9 என்ற விகிதத்தில் இருக்கும் 6.7 அங்குலப் போனின் அகலம் சுமார் 7 சென்டிமீட்டர், உயரம் 15.5. 1.2 அங்குலம் கூடியதாகச் சொல்கிறார்கள். அகலத்தில் கூடியது ஒரே ஒரு மில்லிமீட்டர். மிச்சமெல்லாம் உயரத்துக்குப் போய்விட்டது.

படிக்கிறவருக்கு வேண்டியது அகலம். எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்குள் எத்தனை சொல் அடங்கும் என்பதை அகலம்தான் முடிவு செய்கிறது. தமிழ் படிக்கிறவருக்கு இந்தச் சிக்கல் கூடுதல். நம் சொற்கள் நீளம். 'ண', 'ஞ', 'ணை', 'கொ' போன்றவை கிடைமட்டமாக நிறைய இடம் எடுக்கும். நாளிதழின் இ-பேப்பரை போனில் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு விரலால் விரித்தால்தான் எழுத்து தெரியும், விரித்தால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். வரிக்கு வரி இடம், வலம் என்று இழுத்துக்கொண்டே படிக்க வேண்டும். அந்த இழுவை முழுவதும் கட்டைவிரலின் தலையில் விழுகிறது.

கண்ணுக்கு வேண்டியது தூரம்

நாற்பதைத் தாண்டியதும் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நெகிழ்ச்சி குறைந்து விறைக்கத் தொடங்கும். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க அது குவிந்து கொடுக்க வேண்டும்; விறைத்த லென்ஸால் முடிவதில்லை. வெள்ளெழுத்து என்பது இதுதான். நோயல்ல, எல்லோருக்கும் வரும். கையிலிருப்பதை விலக்கி விலக்கிப் பிடிப்பது இதன் முதல் அறிகுறி.

அச்சடித்த தாளை நாம் சராசரியாக 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் படிக்கிறோம். போனை அப்படிப் பிடிப்பதில்லை. 2011இல் நியூயார்க்கில் கண்ணியல் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, குறுஞ்செய்தி படிக்கையில் சராசரி 36 சென்டிமீட்டர், இணையப் பக்கம் படிக்கையில் 32 சென்டிமீட்டர் என்று வந்தது. எழுத்து பொடியாக இருந்தால் போன் முகத்தை நோக்கி வரும். 40 சென்டிமீட்டரில் கண் குவிய 2.5 டயாப்டர் போதும். 25 சென்டிமீட்டருக்கு வந்தால் 4 டயாப்டர் வேண்டும். சாயங்காலம் புருவத்துக்கு மேலே கனக்கிறது, நெற்றி வலிக்கிறது என்று வருகிறவர்களில் பலருக்கு இந்தக் கூடுதல் உழைப்பும் ஒரு காரணம்.

பெரிய திரை உதவுவது இங்கேதான். எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு, போனை 40 சென்டிமீட்டருக்குத் தள்ளிப் பிடித்தால் கண்ணுக்கு நிஜமாகவே லாபம். ஆனால் எத்தனை பேர் செய்கிறார்கள்? பெரிய போனை வாங்கிக் கொடுத்துவிட்டு எழுத்தளவைக் கடையிலிருந்து வந்தபடியே விட்டுவிடுகிறோம். அப்போது கூடுதல் இடத்தில் கூடுதல் வரிகள் தெரியும், அதே பொடி எழுத்தில். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் எழுத்தளவைக் கூட்டுங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப்புக்குள்ளேயே 'சாட்ஸ்' பகுதியில் தனியாக எழுத்தளவு இருக்கிறது. பெரியவர்கள் அதிகம் படிப்பது அதைத்தானே. இரண்டையும் மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு புது போனுக்குப் பணம் எடுக்கலாம். பழைய போனே போதும் என்று தோன்றவும் கூடும்.

அதற்கும் முன்னால் கண் பரிசோதனை. கண்ணாடியின் பவர் மாறியிருக்கிறதா, கண்புரை தொடங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் போனை மாற்றிப் பயனில்லை. சர்க்கரை ஏறி இறங்கும்போதும் பார்வை தற்காலிகமாக மங்கும்.

உலர்கண் வேறு விஷயம். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது இமைக்கும் கண், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிக்கும் கீழே போவது வழக்கம். மின்விசிறிக்கு நேர் கீழே, ஏசி காற்றில் உட்கார்ந்து பார்த்தால் எரிச்சல் கூடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உலர்கண் வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி இருக்கும் எதையாவது இருபது விநாடி பாருங்கள், அப்படியே நாலைந்து முறை முழுதாக இமைத்து எடுங்கள். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அது கண் களைப்பைக் குறைப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2023இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அமெரிக்கக் கண் மருத்துவக் கழகமும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கட்டைவிரலின் கதை

இனி கைக்கு வருவோம். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு தசைநாண்கள் ஓடுகின்றன. ஒன்று விரலை வெளிப்பக்கம் விலக்கும், மற்றொன்று நிமிர்த்தும். இரண்டும் குறுகலான ஓர் உறைக்குள், பாவாடை நாடா மடிப்புக்குள் போய் வருவதுபோலப் போய் வருகின்றன. ஓயாத உரசலில் உறை தடித்துவிட்டால் தசைநாண் தாராளமாக நகர முடியாது. 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வைன் பெயரால்தான் இந்த நோய் இன்றும் அறியப்படுகிறது. அவர் காலத்தில் போன் ஏது? துணி துவைத்துப் பிழிகிறவர்களின் நோயாகவும், கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி வைக்கும் தாய்மாரின் நோயாகவும் இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இப்போதும் அதிகம்.

உங்களுக்கு இருக்கிறதா என்று வீட்டிலேயே தோராயமாகப் பார்க்கலாம். கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கி, மற்ற நான்கு விரல்களால் மூடிக்கொள்ளுங்கள். அப்படியே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரலின் அடியில் சுரீர் என்று வலித்தால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. லேசாக இழுப்பது எல்லோருக்கும் இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

பெரிய போன் இதில் எங்கே வருகிறது? 2013இல் ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் பொது இடங்களில் 1,333 பேர் போனைப் பயன்படுத்துவதைக் கவனித்துக் குறித்தார். அவர்களில் திரையைத் தொட்டு இயக்கிக்கொண்டிருந்தவர்களில் 49 விழுக்காட்டினர் ஒற்றைக் கையால் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் இயக்கினார்கள். போன் பெரிதாகியும் பழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. மின்சார ரயிலில் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பாருங்கள். போனின் அடிப்பக்கத்தைச் சுண்டுவிரல் தாங்குகிறது. பின்பக்கம் மூன்று விரல்கள். கட்டைவிரல் மேல் மூலையில் இருக்கும் பட்டனை எட்டப் பார்க்கும், எட்டாது. போனை உள்ளங்கையில் ஒரு துள்ளு துள்ளவைத்து மேலே நகர்த்துவார், எட்டித் தொடுவார், மறுபடி கீழே இறக்குவார். இப்படி மடங்கியும் நீண்டும் அகன்றும் இயங்குவது அந்த உறைக்குள் இருக்கும் அதே இரண்டு தசைநாண்கள்தான். பெண்களின் கை சராசரியில் ஆண்களின் கையைவிடச் சிறியது. போன் மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவு. ஆறேமுக்கால் அங்குலப் போனைத் தரநிலையாக்கியவர்கள் இதைப் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை.

சுண்டுவிரலில் போன் அழுந்தி விழும் பள்ளத்தைப் படமெடுத்துப் பீதியோடு பகிர்கிறார்கள். அது தனியொரு நோய் இல்லை. போனை எடுத்துவிட்டால் தோல் பழையபடி ஆகிவிடும்.

கை தப்ப வழி கடினமானதில்லை. ஒரு கையில் ஏந்தி மறு கையின் ஆள்காட்டி விரலால் இயக்குங்கள். பெரியவர்கள் இயல்பாகச் செய்வது இதுதான். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சரியான முறை பெரியவர்களுடையது. நீளமான பதிலைத் தட்டச்சு செய்யாமல் மைக் படத்தை அழுத்தித் தமிழிலேயே பேசினால் எழுத்தாகிவிடும். ஒற்றைக் கைப் பயன்முறையை ஆன் செய்தால் திரையின் மேல்பகுதி கீழே இறங்கி வரும். சாப்பிடும்போது வீடியோ பார்ப்பவர்கள், பார்க்காமல் இருப்பதே மேல், பார்த்தே தீருவேன் என்றால் நூறு ரூபாய் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

கழுத்தும் முழங்கையும் ஒத்துப்போவதில்லை

நம் தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. 60 பாகை குனிந்தால் கழுத்தெலும்பின் மீது ஏறும் விசை 27 கிலோவுக்குச் சமம் என்று 2014இல் நியூயார்க் முதுகெலும்பு மருத்துவர் ஒருவர் கணக்கிட்டார். அது ஒரு கணக்கீடு, ஆட்களின் கழுத்தில் அளந்தது இல்லை. குனிந்தே இருந்தால் கழுத்து வலிக்கும் என்பதற்குக் கணக்கு எதுவும் தேவையில்லை என்பது வேறு.

அதனால் போனைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள் என்கிறார்கள். 227 கிராமை அப்படிப் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள், தோள்பட்டை பதில் சொல்லும். முழங்கையை முழுக்க மடித்து வெகுநேரம் வைத்தால் அதன் உள்பக்கம் ஓடும் நரம்பு இழுபட்டு மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகும். பைஃபோகல் கண்ணாடி போட்டவருக்கு இன்னொரு தொல்லை. படிக்கும் பவர் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. கண்மட்டத்துக்குப் போனைத் தூக்கினால் அவர் மோவாயை நிமிர்த்திக்கொண்டு பார்க்க வேண்டும். கழுத்து இப்போது எதிர்ப்பக்கம் வலிக்கும். உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, முழங்கை இரண்டையும் அதில் ஊன்றி, போனை நெஞ்சு உயரத்தில் பிடிப்பது எல்லோருக்கும் ஓரளவு பொருந்தும்.

குழந்தைக்கு டிவியே மேல்

குழந்தை பார்த்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், சின்ன போனைவிடப் பெரிய போன் தேவலை, அதைவிட டிவி தேவலை. பெரிய திரை என்பதால் அல்ல, ஏழெட்டு அடி தள்ளி இருப்பதால். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது 2019இல் உலக சுகாதார நிறுவனம் தந்த அறிவுரை. கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட உதவும் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்று வெளியே பகல் வெளிச்சத்தில் விளையாடுவது. தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வகுப்பறைக்கு வெளியே இருக்க ஊக்குவித்துவருகிறது.

படுக்கையில்

பாஸ்டனில் நடத்தி 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இரவில் ஐபேடில் படித்தவர்கள் அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடப் பத்து நிமிடம் தாமதமாகத் தூங்கினார்கள். மெலடோனின் சுரப்பும் குறைந்திருந்தது. பங்கேற்றவர்கள் 12 பேர்தான், திரை முழு வெளிச்சத்தில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பெரிய திரை அதிக ஒளியைத்தான் கண்ணுக்கு அனுப்புகிறது. வெளிச்சத்தைக் குறைத்து வைப்பதில் நஷ்டமில்லை.

ஒருக்களித்துப் படுத்து, ஒரு கண் தலையணையில் புதைந்திருக்க, மறு கண்ணால் இருட்டில் போன் பார்த்துவிட்டு எழுந்தால் அந்தக் கண் சில நிமிடம் தெரியாமல் போகலாம். இதற்காக மருத்துவரிடம் போன இரண்டு பெண்களின் கதை 2016இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஒரு கண் வெளிச்சத்துக்கும் மற்றது இருட்டுக்கும் பழகியிருந்தது, அவ்வளவுதான். இரண்டு கண்ணாலும் பார்த்தால் இது வராது.

கடையில் நிற்கும்போது

யாருக்கு வாங்குகிறோமோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆன்லைனில் எடுப்பதாக இருந்தாலும் கடையில் ஒருமுறை பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கவர் போட்ட போனை ஐந்து நிமிடம் கையிலேயே வைத்திருக்கட்டும். கட்டைவிரல் எதிர்ப்பக்க ஓரத்தின் நடுப்பகுதியைச் சிரமமில்லாமல் தொடுகிறதா என்று பாருங்கள். எழுத்தளவைக் கூட்டித் தமிழ்ச் செய்தி ஒன்றைத் திறந்து, அவருடைய படிக்கும் கண்ணாடியோடு 40 சென்டிமீட்டர் தள்ளிப் படிக்கச் சொல்லுங்கள். ஒரே அங்குலத்தில் இரண்டு மாடல் இருந்தால் எடை குறைந்ததை எடுங்கள். நாள் முழுக்கப் படிக்கிறவர், படம் பார்க்கிறவர் என்றால் நடுத்தர போனோடு எட்டு அங்குல டேப்லெட் ஒன்றும் வாங்கி மேசையில் நிறுத்திக் கொடுப்பது, மிகப் பெரிய போன் ஒன்றைக் கையில் திணிப்பதைவிட எவ்வளவோ நல்லது.

எப்போது மருத்துவரிடம்?

கட்டைவிரல் வலி இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் குறையவில்லை, டம்ளரைத் தூக்கும்போது பிடி நழுவுகிறது, இரவில் விரல்கள் மரத்து விழிப்பு வருகிறது என்றால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். வலிக்கும் இடத்தை அழுத்தி நீவிவிடச் சொல்லாதீர்கள். தடித்த உறை இன்னும் வீங்கும். பெரும்பாலானவர்களுக்குக் கட்டைவிரலை அசையாமல் வைக்கும் ஸ்பிளின்ட்டும் சில வார ஓய்வும் போதும். சிலருக்கு ஸ்டீராய்டு ஊசி, வெகு சிலருக்குச் சின்ன அறுவைச் சிகிச்சை. சர்க்கரை நோய் இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், அதன்பின் சில நாள் சர்க்கரை ஏறும். ஒரு கண்ணில் திடீரென்று திரை விழுந்ததுபோல மறைத்தால், மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தால், பார்வையில் கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தால் அதைப் போன் களைப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். விழித்திரை விலகலாக இருக்கலாம், அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.