புகை வேண்டாம், ஒரு சட்டித் தண்ணீர் போதும்! அடைமழைக் காலத்தில் வீட்டை மணக்க வைக்கும் கொதிநீர்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால், கிராமத்து வீடுகளுக்கென்று ஒரு வாடை வந்துவிடும். காயாத துணி, ஈரச் சாக்கு, நனைந்த தார்ப்பாய், மூலையில் அடுக்கிய நெல் மூட்டை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடக்கும். சன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் புழுக்கம். பொழுது சாய்ந்ததும் சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்தி மூன்றும் சேர்ந்து புகையும். வாடை போகிறதோ இல்லையோ, இளைப்பு உள்ள குழந்தையோ பெரியவரோ வீட்டில் இருந்தால் இரவு முழுவதும் இருமல்தான்.

புகை இல்லாமலேயே வீட்டை மணக்க வைக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைப் புல், ஒரு துண்டுப் பட்டை, நாலைந்து கிராம்பு போட்டுச் சிறு தீயில் அரை மணி நேரம் விட்டால் போதும். வீடு முழுக்க வாசனை பரவிவிடும். பெரும்பாலும் கொல்லையிலும் வரப்பிலும் கிடைக்கிற பொருள்களே. மீதம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது.

இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் இலையுதிர் காலம் வந்தால் ஆப்பிள் தோல், ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு போட்டு இப்படிக் கொதிக்க வைப்பது பல வீடுகளில் பழக்கம். பூவும் இலையும் மசாலாவும் சேர்ந்த இந்த வாசனைக் கலவைக்கு அங்கே 'பாட்பூரி' என்று பெயர். அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் நேர்ப்பொருள் 'அழுகிய பானை'. பெயர்தான் அப்படி, வாசனை அருமை.

நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. ஐப்பசி, கார்த்திகையைத் தமிழர்கள் கூதிர்காலம் என்றார்கள். குளிரும் ஈரமும் நிறைந்த அந்த நாள்களில் வீட்டில் அகில் புகைத்ததை நெடுநல்வாடை சொல்கிறது. ஈரக் காலத்தில் வீட்டுக்குள் மணம் சேர்ப்பது அவ்வளவு பழைய பழக்கம். நெருப்பில் புகைப்பதற்குப் பதில் தண்ணீரில் கொதிக்க வைக்கிறோம், அவ்வளவே வேறுபாடு.

மணம் எப்படி வெளியே வருகிறது?

இலை, பட்டை, தோல், வேர் எல்லாவற்றிலும் மணம் தருவது அவற்றில் உள்ள ஆவியாகும் எண்ணெய். எலுமிச்சைப் புல்லில் சிட்ரால், ஆரஞ்சுத் தோலில் லிமோனீன், கிராம்பில் யூஜினால், பட்டையில் சின்னமால்டிஹைடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முக்கியப் பொருள் உண்டு. இவற்றின் கொதிநிலை தண்ணீரின் கொதிநிலையை விட மிக அதிகம். ஆனால் தண்ணீரோடு சேர்ந்து சூடாகும்போது 100 டிகிரிக்குள்ளேயே நீராவியோடு சேர்ந்து வெளியேறிவிடும். புல்தைலம் காய்ச்சும் ஆலையில் நடப்பதும் இதுதான். அங்கே ஆவியைக் குளிரவைத்து எண்ணெயைப் பிரிக்கிறார்கள். இங்கே ஆவியை வீட்டுக்குள் விடுகிறோம்.

இதைப் புரிந்துகொண்டால் இரண்டு தவறுகள் வராது. ஒன்று, தளதளவென்று கொதிக்க விடக் கூடாது. அப்படி விட்டால் இலையிலுள்ள எண்ணெய் சீக்கிரமே போய்விடும்; பிறகு வெறும் நீராவிதான் வரும். சட்டியின் ஓரத்தில் சிறு குமிழ் மட்டும் வரும்படி தீ இருக்க வேண்டும். இரண்டாவது, எல்லாவற்றையும் ஒன்றாகப் போடக் கூடாது. பட்டை, கிராம்பு, வேர் போன்ற கெட்டியானவை முதலில்; தோல் அடுத்து; இலையும் பூவும் கடைசியில்.

கொல்லையில் என்ன இருக்கிறது?

எலுமிச்சைப் புல்: ஒரு தூர் இருந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும். பக்கத்து வீட்டுத் தூரிலிருந்து நாலு கிளைப்பைப் பிரித்து வரப்பிலோ கிணற்றடியிலோ நட்டால் மூன்று, நான்கு மாதங்களில் முதல் அறுப்புக்கு வந்துவிடும். தரையிலிருந்து அரையடி விட்டு அறுத்தால் திரும்பத் தழைக்கும். வரப்பு மண்ணும் கரையாது.

வெட்டிவேர்: கடலூர் மாவட்டத்தின் கடலோர மணற்பாங்கான நிலங்களில் பரவலாகப் பயிராகிறது. இதன் எண்ணெய் கனமானது, மெதுவாகத்தான் வெளிவரும். அதனால் முதல் நாள் இரவே தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். பயன்படுத்திய வேரைக் காயவைத்து மூன்று, நான்கு முறை மீண்டும் போடலாம்.

துளசி, திருநீற்றுப் பச்சிலை, நொச்சி, மரிக்கொழுந்து: இவை கைப்பிடி அளவு போதும். நொச்சி அதிகமானால் வாசனை கசப்பாக இருக்கும்.

ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை, நாரத்தைத் தோல்: குப்பைக்குப் போவதுதான் இங்கே முதல் பொருள். உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையில் மணம் இல்லை. வெளித்தோலில்தான் எண்ணெய்ப் பை இருக்கிறது.

அஞ்சறைப் பெட்டி: பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, பிரியாணி இலை. ஏலக்காயை வீணாக்க வேண்டாம். அரிசி எடுத்தபின் மிஞ்சும் ஏலத்தோலே நன்றாக மணக்கும்.

செய்முறை

அடி கனமான சட்டியோ மண்சட்டியோ எடுத்து ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்றில் ஏதாவது ஒரு கலவையைச் சேருங்கள்.

முதல் கலவை: இரண்டு ஆரஞ்சின் தோல், இரண்டு அங்குலப் பட்டை, ஐந்து கிராம்பு, ஒரு அன்னாசிப்பூ. சமையல் வாடை, மீன் வாடைக்கு ஏற்றது.

இரண்டாம் கலவை: எலுமிச்சைப் புல் பத்துத் தாள், ஒரு எலுமிச்சையின் தோல், தட்டிய இஞ்சி ஒரு துண்டு, துளசி ஒரு கைப்பிடி. ஈரத் துணி வாடைக்கு நல்லது.

மூன்றாம் கலவை: ஊறவைத்த வெட்டிவேர் ஒரு கைப்பிடி, ஏலத்தோல் ஒரு தேக்கரண்டி, மரிக்கொழுந்து இரண்டு கொத்து, வீட்டில் பூத்த பன்னீர் ரோஜா இதழ் கொஞ்சம். விருந்தாளி வருகிற நாளுக்கும் கார்த்திகைத் தீபத்துக்கும் பொருத்தம்.

கொதி வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் பாதியானால் சுடுதண்ணீர் சேருங்கள். வற்றவிட்டால் தோல் கருகி, முன்பு இருந்ததைவிட மோசமான நாற்றம் வரும், தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே அடுப்பில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தீவனம் போடப் போகக் கூடாது.

விறகடுப்பு உள்ள வீட்டில் இதற்குத் தனி எரிபொருளே வேண்டாம். சமையல் முடிந்தபின் கிடக்கும் தணலின்மேல் சட்டியை வைத்தால் போதும். பிறகு சட்டியை மட்டும் தூக்கி, குழந்தை கை எட்டாத இடத்தில் வைத்தால் வாசனை அங்கும் பரவும். தணலை அள்ளிக்கொண்டு படுக்கையறைக்குப் போகவே கூடாது. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

புரட்டாசியிலேயே சேர்த்து வையுங்கள்

மழை தொடங்கியபின் எதுவும் காயாது. புரட்டாசி வெயிலிலேயே தோலை மெல்லிய கீற்றாக நறுக்கி, கையால் ஒடித்தால் 'டக்'கென்று முறியும் பதத்துக்குக் காயவைக்க வேண்டும். எலுமிச்சைப் புல்லை இரண்டு அங்குலமாக வெட்டி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் மணம் பாதி காற்றோடு போய்விடும். தனித்தனிக் கண்ணாடிப் புட்டியிலோ தூக்கு வாளியிலோ போட்டு இறுக மூடி வைத்தால் மழைக்காலம் முழுவதற்கும் வரும்.

மறைக்கக் கூடாத மூன்று வாடைகள்

வாசனை என்பது சுத்தம் அல்ல. வீட்டில் எழும் சில வாடைகள் எச்சரிக்கை மணி மாதிரி. அவற்றை வாசனையால் மூடினால் இழப்பு பெரிதாகும்.

முதலாவது, விதை மூட்டையிலிருந்து வரும் பூஞ்சண வாடை. விதை நெல்லின் ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேலும், உளுந்து, நிலக்கடலை விதையின் ஈரப்பதம் 9 சதவீதத்துக்கு மேலும் போகக் கூடாது. மூட்டை பக்கத்தில் மக்கிய வாடை அடித்தால், அன்றைக்குக் கலவை கொதிக்க வேண்டாம். மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. மாட்டுக்குப் போட்டால் பாலிலும் வரும். கொதிநீரின் ஆவியும் ஈரம்தான் என்பதை மறக்க வேண்டாம். மூட்டை அடுக்கிய அறையில் சட்டியை வைக்கவே கூடாது. மூட்டைகள் தரையில் படாமல் மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருக்கட்டும்.

இரண்டாவது, சமையல் எரிவாயு வாடை. எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிவைக் கண்டுபிடிக்கவே நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த வாடை அடித்தால் அடுப்பைப் பற்றவைக்காமல், விளக்குச் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பூண்டு அல்லது அழுகிய மீன் போன்ற வாடை. தானியத்தில் வண்டுக்காகப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயுவை விடும். குடியிருக்கும் வீட்டில் இந்த மாத்திரையைப் பயன்படுத்தவே கூடாது. அக்கம்பக்கத்தில் போட்டிருந்து இந்த வாடை அடித்தால் குழந்தைகளோடு உடனே வெளியேறுங்கள். வாந்தி, மூச்சுத்திணறல் இருந்தால் அரசு மருத்துவமனைக்குச் சென்று மாத்திரை விவரத்தைச் சொல்லுங்கள். வாடையே தெரியாத அளவிலும் ஆபத்து உண்டு.

இந்த மூன்றும் இல்லை என்று உறுதி செய்து, ஈரச் சாக்கையும் துணியையும் வெளியேற்றி, மழை விட்ட நேரத்தில் சன்னலைச் சற்றுத் திறந்தபின் வைக்கும் கொதிநீர்தான் பலன் தரும்.

சட்டியில் போடக் கூடாதவை

அரளிப் பூ, அரளி இலை, ஊமத்தை ஆகியவை நஞ்சு. சாமிக்குப் போட்ட பழைய மாலையை அப்படியே போட்டுவிடாதீர்கள். அதில் அரளி கலந்திருக்கும். மருந்தடித்த தோட்டத்துப் பூவையும் தவிர்க்க வேண்டும். கற்பூரம் எளிதில் தீப்பிடிக்கும். குழந்தை தெரியாமல் விழுங்கினால் வலிப்பு வரும். சட்டியிலும் வேண்டாம், சட்டி அருகிலும் வேண்டாம்.

வாசகர் கேள்விகள்

*இதை வைத்தால் கொசு வராதா?*

நம்பி இருக்க வேண்டாம். எலுமிச்சைப் புல் வாசனை கொசுவுக்குப் பிடிக்காது என்றாலும், ஆவி கலைந்தவுடன் கொசு திரும்பிவிடும். மழைக்காலம் டெங்குக் காலமும்கூட. தேங்காய் ஓடு, டயர், தொட்டியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதும் கொசுவலையும்தான் பாதுகாப்பு.

*குழந்தைக்கு இளைப்பு இருக்கிறது. வைக்கலாமா?*

புகையைவிட இது மேல். ஆனாலும் சிலருக்கு எந்த நெடியும் ஒத்துக்கொள்ளாது. முதல் நாள் பாதிக் கலவையை, குழந்தை வேறு அறையில் இருக்கும்போது வைத்துப் பாருங்கள். இருமல் வந்தால் நிறுத்திவிடுங்கள். இது மருந்து அல்ல. மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தக் கூடாது.

*மிஞ்சிய தண்ணீரைக் குடிக்கலாமா?*

கூடாது. கடையில் வாங்கிய பழத்தோலில் மெழுகும் மருந்தும் இருக்கலாம். ஆறியபின் தரை துடைக்கப் பயன்படுத்துங்கள். சக்கையை எருக்குழியில் போடலாம். மண்புழு உரத் தொட்டியில் மட்டும் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலை அதிகம் போடாதீர்கள், மண்புழுவுக்கு ஆகாது.

*மகளிர் குழு மூலம் பொட்டலம் போட்டு விற்க முடியுமா?*

முடியும், சிறிதாகத் தொடங்குங்கள். ஒருமுறைக்கு ஆகும் அளவாகப் பொட்டலம் போட்டு, ஒரு ஐம்பதைச் சந்தையிலும் தெரிந்த கடையிலும் வைத்துப் பாருங்கள். நன்றாகக் காயாத சரக்கு ஒரே வாரத்தில் பூசணம் பிடிக்கும். 'கொதிக்க வைக்க மட்டும், உண்ணக் கூடாது' என்று பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். எலுமிச்சைப் புல், வெட்டிவேர் இரண்டும் குழுவினரின் வரப்பிலேயே இருந்தால் செலவு குறையும். வெட்டிவேர் அறுவடைக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.