இழுப்பும் கால்சியமும்: பாலை நிறுத்தினால் மூச்சுத் திணறல் நிற்குமா?

குருவிநத்தம், பாகூர் பக்கம் நெல் அறுவடை நடக்கும்போது பதரும் தூசியும் பறக்கும். மார்கழிப் பனியும் சேர்ந்தால் ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு கிளம்பிவிடும். உடனே வீட்டில் பாலை நிறுத்துவார்கள். சிலர் கால்சியம் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். மூச்சுக்குழாய் சுருங்குவதில் கால்சியத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அதற்கும் சாப்பாட்டுக் கால்சியத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

குழாயைச் சுற்றிய தசை

மூச்சுக்குழாய்ச் சுவரில் நம் விருப்பத்துக்கு அடங்காத மென்தசை இருக்கிறது. அது இறுகினால் குழாய் குறுகும். காற்று சீராக ஓடும் குழாயில் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும். லேசான இறுக்கத்துக்கே நெஞ்சு திணறுவது இதனால்தான்.

செல்லுக்குள் நடப்பது

ஓய்வில் உள்ள தசைச் செல்லுக்குள் கால்சியம் மிகக் குறைவு; வெளியே உள்ளதில் 10,000-இல் ஒரு பங்குதான். செல் தன்னிடமுள்ள கால்சியத்தில் பெரும்பகுதியை உட்பைகளில் பூட்டி வைத்திருக்கும். ஒவ்வாத தூசி பட்டால் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் என்ற வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. நரம்பு முனைகள் அசிட்டைல்கோலினை விடுகின்றன. இவை தசைச் செல்லின் மேல் ஒட்டியதும் உள்ளே ஐபி3 என்ற மூலக்கூறு உருவாகிறது. பாகூர் ஏரியின் மதகைத் தூக்கியதும் வாய்க்காலில் தண்ணீர் பாய்வதுபோல, உட்பைகளிலிருந்து கால்சியம் பாய்கிறது. அது கால்மோடுலின் புரதத்தோடு சேர்ந்து ஒரு நொதியை முடுக்க, மயோசின் இழை ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கிறது; தசை இறுகுகிறது. கால்சியம் பைகளுக்குத் திரும்பினால் தளர்கிறது.

மருந்து எங்கே மறிக்கிறது?

சால்பியூட்டமால் பஃப், செல்லுக்குள் கால்சியத்தைக் குறைத்துத் தசையைத் தளர்த்தும். இப்ராட்ரோபியம், அசிட்டைல்கோலின் ஒட்டும் இடத்தை அடைக்கும். இதற்கு ஒரு சென்னைத் தொடர்பு உண்டு: ஆஸ்துமாவுக்கு ஊமத்தைப் புகை பிடிக்கும் வழக்கம் 1802 வாக்கில் மதராஸிலிருந்துதான் பிரிட்டனுக்குப் போனது. ஊமத்தையிலுள்ள அட்ரோபினின் வழிவந்ததே இப்ராட்ரோபியம். ஊமத்தை கடும் விஷம். யாரும் வீட்டில் முயல வேண்டாம்.

கடும் இழுப்பில் மருத்துவமனையில் மெக்னீசியம் சல்பேட்டை ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். அது கால்சியத்தின் வேலையை எதிர்க்கும். வெளியிலிருந்து செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாசலை அடைக்கும் அம்லோடிபின் ரத்த அழுத்தத்துக்கு உதவினாலும் ஆஸ்துமாவுக்குப் போதாது. ஏனெனில் மூச்சுக்குழாய்த் தசை பெரும்பாலும் உட்பைகளையே நம்பியிருக்கிறது.

பாலும் கேழ்வரகும் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். ரத்தத்தில் கால்சியம் கூடாமலும் குறையாமலும் ஹார்மோன்கள் பார்த்துக்கொள்கின்றன. பால் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் பாலைத் தவிர்க்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்கு எலும்பு தேயும். கால்சியத்தை நிறுத்துவது அவர்களுக்குக் கூடுதல் கேடு.

கவனிக்க வேண்டியவை

* பஃப் தசையை மட்டும் தளர்த்தும். குழாயின் வீக்கத்தை ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் குறைக்கும். சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் சொல்கிறது.
* களத்து வேலையில் மூக்கையும் வாயையும் மூடுங்கள். விறகுப் புகையில் நிற்காதீர்கள்.
* பிரஷருக்கோ நெஞ்சு படபடப்புக்கோ மருந்து வாங்கும்போது ஆஸ்துமா இருப்பதைச் சொல்லுங்கள். புரோப்ரானலால் இழுப்பைக் கிளப்பும்.
* ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலமாதல், பஃப்புக்கும் அடங்காத இழுப்பு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.